செகண்ட் வயலின் தூங்கவில்லை

வேணாம் தம்பி, வயலின் பெட்டியை மேல வைக்காதீங்க. மடியிலயே இருக்கட்டும். உங்க முழங்கால்ல இடிச்சா சொல்லுங்க, கொஞ்சம் சாய்ச்சு வெச்சுக்கறேன். சென்னை வரைக்குமா? நான் கிண்டியில இறங்கிப்பேன். அதுவரைக்கும் நீங்க என்னை சகிச்சுக்கணும்.

திருச்சி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்களே, கேட்டுருங்க. கூச்சப்படாதீங்க. ஆமா, அது நான்தான். 'தூங்கும் தாத்தா'. அந்த வீடியோவ உங்க தங்கச்சி அனுப்பிச்சாங்களா? எல்லாருக்கும் யாரோ ஒருத்தர் அனுப்பிச்சுதான் வந்திருக்கு. எங்க தெரு இஸ்திரிக்காரர் எனக்கே அனுப்பிச்சார். விழுந்து விழுந்து சிரிக்கற பொம்மை மூணு சேர்த்து.

நான் தூங்கலை தம்பி. முதல்ல அத சொல்லிடறேன், அப்புறம் நீங்க வேணும்னா தூங்குங்க. நான் எண்ணிக்கிட்டிருந்தேன்.

என்ன எண்ணினேன்னா, அத சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். என் பேரு தனிஸ்லாஸ். சாலிகிராமத்துல வீடு. சினிமாப் பாட்டு ரெக்கார்டிங்ல இருபத்தேழு வருஷம் வயலின் வாசிச்சேன். செகண்ட் வயலின். உடனே மூஞ்சி ஒரு மாதிரி போகுது பாருங்க உங்களுக்கு. செகண்ட்னா ரெண்டாந்தரம் இல்ல. எல்லாருக்கும் இந்தத் தப்பு நினைப்பு. எங்க மச்சானுக்குக்கூட.

நீங்க ஒரு பாட்டு கேக்கறீங்க, நடுவுல வயலின் வருது இல்ல? அது ஒரு வயலின் இல்ல. அந்தக் காலத்துல இருபது பேர், இருபத்தஞ்சு பேர் சேர்ந்து வாசிப்போம். பாதிப் பேர் ஃபர்ஸ்ட் வயலின். மேல பறக்கறது, நீங்க குளிக்கறப்ப முணுமுணுக்கறது, அதெல்லாம் அவங்க. மீதிப் பேர் நாங்க. நாங்க கீழ வேற ஒண்ணு வாசிச்சுக்கிட்டிருப்போம். எங்களை எடுத்துட்டா பாட்டு இளைச்ச மாதிரி இருக்கும். ஆனா எங்க இளைச்சிருக்குன்னு உங்களால சொல்ல முடியாது. தப்பா நினைக்காதீங்க, உங்களைன்னு இல்ல, யாராலயும் முடியாது.

ஃபர்ஸ்டுக்கு என்னையும் கூப்பிட்டாங்க ஒரு தடவை. நான்தான் போகலை. யாரும் கூப்பிடலைன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும், அவ ஸ்டுடியோவுக்கு வந்ததே ரெண்டு வாட்டிதான்.

ரயில் பாட்டு தெரியுமில்ல உங்களுக்கு? தெரியாம இருக்காது. உங்க அப்பா போன்ல ரிங்டோனா வெச்சிருப்பார். அந்தப் பாட்டுல முதல் சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழலும் வயலினும் மாறி மாறி வரும் பாருங்க, அதுக்கு செகண்ட் வாசிச்சதுல நான் ஒருத்தன். எண்பத்தஞ்சுல. எனக்குப் பக்கத்துல கோதண்டம். ஒரு ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர், ஒரே நோட்டைப் பார்த்து வாசிப்போம். தாள் முடிஞ்சா உள்பக்கம் உக்காந்திருக்கறவர் வில்லை நிறுத்திட்டு திருப்பணும், வெளிப்பக்கத்து ஆள் விடாம வாசிக்கணும். எனக்கு இருபத்திரண்டு வருஷம் தாள் திருப்பினவன் கோதண்டம். என் பொண்டாட்டியவிட அதிக நேரம் அவன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்.

அப்புறம் கீபோர்டு வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, நாங்க வீட்டுக்குப் போனோம். அந்தப் புலம்பல் எல்லாம் வேணாம். நான் புலம்பறவன் இல்ல. பசங்களுக்கு கிளாஸ் எடுத்தேன், கோயில்ல வாசிச்சேன், நல்லாத்தான் இருந்தேன்.

இந்த வருஷம் ஜனவரியில நிவேதன்னு ஒரு பையன் போன் பண்ணினான். பையன்னா முப்பத்தஞ்சு வயசு. பழைய பாட்டெல்லாம் வெச்சு பெரிய மைதானத்துல கச்சேரி, ஆறு ஊரு, மேடையில நிஜமா எட்டு வயலின் உக்காரணும், அந்தக் காலத்து ஆளுங்களா இருந்தா கேமராவுக்கு நல்லாருக்கும் அங்கிள், அப்படின்னான். எட்டு பேரும் கிடைச்சோம். வெள்ளைக் கோட்டு தைச்சுக் குடுத்தாங்க. கோதண்டம் கோட்டப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு நகரவே மாட்டேங்கறான். பின்னாடி எப்படி இருக்குன்னு என்னை நாலு தடவை கேட்டான்.

முதல் ஊரு சேலம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேடைக்குப் பின்னாடி கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், நிவேதன் ஒரு தட்டோட வர்றான். தட்டுல என்ன? சோப்பு. குளிக்கற சோப்பு. மைசூர்பா மாதிரி எட்டு துண்டா வெட்டி ஆளுக்கொண்ணு.

எதுக்குன்னு கேக்கறீங்களா? நானும் அதான் கேட்டேன். வில்லுல முடி இருக்கு பாருங்க தம்பி, குதிரை வால் முடி, அத சும்மா தந்தியில இழுத்தா சத்தம் வராது. ரோசின்னு ஒரு பிசின் கட்டி இருக்கு, அதத் தேய்ச்சாத்தான் பிடிக்கும், சத்தம் வரும். சோப்பைத் தேய்ச்சீங்கன்னா வழுக்கிக்கிட்டுப் போயிடும். கை ஆடும், வில்லு ஆடும், சத்தம் மட்டும் வராது. வயலின் சத்தமெல்லாம் முன்னாடியே ரெக்கார்டு பண்ணி கம்ப்யூட்டர்ல இருக்காம். நாங்க ஆட்டினா போதுமாம். "நிஜ சத்தமும் வந்தா ட்ராக்கோட இடிக்கும் அங்கிள், கோவிச்சுக்காதீங்க"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான், பொய் சொல்லக்கூடாது.

ஏழு பேரும் தேய்ச்சாங்க. கோதண்டம் கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ச்சான், கசப்பு மருந்து குடிக்கற மாதிரி. நான் தேய்க்கலை. சரி சரின்னு தலையாட்டிட்டு சோப்புத் துண்டை கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அந்த வில்லு என் முதல் சம்பளத்துல வாங்கினது. அதுல போய் சோப்பு தேய்க்கறதாவது! மெதுவா வாசிப்போம், யாருக்குக் கேக்கப் போகுதுன்னு நினைச்சேன். அது ஒரு தப்பா சொல்லுங்க? வயலின்காரன் வயலின் வாசிச்சது தப்பா?

இப்ப ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, என் தலை முழு வெள்ளை, கேமராவுக்கு எடுப்பா இருக்குன்னு என்னைக் கொண்டு போய் முன்வரிசை ஓரத்துல உக்கார வெச்சாங்க. பார்வைக்காக வயலின்ல சின்ன மைக் ஒண்ணு மாட்டினாங்க. பார்வைக்குன்னாலும் ஒயர் நிஜ ஒயர் பாருங்க. ரெண்டாவது விஷயம், அஞ்சாவது பாட்டா ரயில் பாட்டு ஆரம்பிச்சு, பல்லவி முடிஞ்சு, அந்த இடம் வந்துச்சு. நம்ம இடம். வில்லை வெச்சேன். கம்ப்யூட்டர் நின்னுபோச்சு.

எல்லாம் நின்னுச்சு தம்பி. ட்ரம்ஸ்காரன் காதுல ட்ராக் கேட்டுத்தான் வாசிக்கறான், அவன் நின்னுட்டான். கீபோர்டு நின்னுச்சு. பாடற பொண்ணு திரும்பிப் பின்னாடி பார்க்குது. ஏழு வில்லு ஆடுது, சத்தமில்லை. சவுண்டு இன்ஜினியர் என்ன பண்ணினான்னா, இந்தப் பெருசு விரல் நிஜமாவே அழுத்துதேன்னு பார்த்து, எப்படியாவது காப்பாத்தட்டும்னு என் மைக்கைத் திறந்துவிட்டுட்டான். நல்ல எண்ணத்துலதான் பண்ணினான் பாவம்.

நான் வாசிச்சேன். என் பார்ட்டை வாசிச்சேன்.

என் பார்ட் என்னன்னா, நீளமா ஒரு ஸ்வரம், நாலு எண்ணிக்கை. இன்னொரு நீளம். அப்புறம் 'டக் டக்'குன்னு ரெண்டு வெட்டு. அப்புறம் ரெஸ்ட். ரெஸ்ட்டுன்னா சும்மா இருக்கணும்னு தாள்ல எழுதியே குடுத்திருப்பாங்க. நாலு எண்ணிக்கை சேர்ந்தா ஒரு பார். செகண்டுக்கு அந்த இடத்துல ஆறு பார் ரெஸ்ட். புல்லாங்குழல் அங்க பேசும், நாங்க வாயைத் திறக்கக்கூடாது. ஆறாவது பார் முடிஞ்சதும் திரும்ப 'டக் டக்'.

இப்ப புல்லாங்குழல் கம்ப்யூட்டருக்குள்ள செத்துக் கிடக்கு. எட்டாயிரம் பேர் உக்காந்திருக்காங்க. நான் ரெண்டு நீளம் வாசிச்சேன், ரெண்டு வெட்டு வெட்டினேன், வயலினை முழங்கால்ல வெச்சு கண்ணை மூடிக்கிட்டேன். எப்பவும் அப்படித்தான் எண்ணுவேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ரெண்டு ரெண்டு மூணு நாலு. மூணு ரெண்டு மூணு நாலு. முதல் எண்ணிக்கையில எத்தனாவது பார்னு மாத்திக்கிட்டே போகணும், அப்பதான் தப்பாது. எங்கயோ ஒரு குழந்தை அழுவுது. வெளிய பஜ்ஜிக் கடையில எண்ணெய் பொரியற சத்தம்கூட கேக்குது. நாலாவது பார்ல எவனோ "தாத்தாவ எழுப்புங்கப்பா!"ன்னு கத்தறான். நான் கண்ணைத் திறக்கலை. அஞ்சு ரெண்டு மூணு நாலு. ஆறு ரெண்டு மூணு நாலு. வயலினை எடுத்தேன், 'டக் டக்'. நூல் பிசகாம.

அப்படி ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க கூட்டத்துலேர்ந்து. நான் கைதட்டுன்னு நினைச்சேன். எழுந்து நின்னு கும்பிட்டேன்.

சிரிங்க சிரிங்க. பரவாயில்லை. வீடியோவும் அந்தக் கும்பிடுலதான் முடியுது.

ஆனா தம்பி, ஒரே ஒரு கேள்வி. நான் வாசிச்சதுல எந்த ஸ்வரம் தப்பு? ஒண்ணு காட்டச் சொல்லுங்க. எண்பத்தஞ்சுல தாள்ல என்ன இருந்துச்சோ, அதே. ரெக்கார்டுல இன்னிக்கும் கீழ அதுதான் ஓடுது. முப்பது நாப்பது வருஷமா கேக்கறாங்க, கேட்டுக் கேட்டு அழுவறாங்க, காதலிக்கறாங்க, தனியா எடுத்து வெச்சா அடையாளம் தெரியலையாம். அது என் தப்பா?

வீட்டுக்கு வந்தா எமிலி, என் வீட்டுக்காரி, சாப்பாடு போட்டுட்டு பக்கத்துலயே நிக்கறா. அவ நின்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

"ஏங்க, அந்த மெட்டையே வாசிச்சிருக்கலாமே? கூட்டமே கூடப் பாடியிருக்குமே"ங்கறா.

"அது என் பார்ட் இல்லடி"ன்னேன்.

"உங்க பார்ட் எதுன்னு யாருக்குங்க தெரியும்?"

எனக்குத் தெரியுமில்ல? அவளுக்கு அது போதலை. நான் சாப்பாட்டுல பாதியில எழுந்து போயிட்டேன். மெட்டு வாசிக்கத் தெரியாதுன்னு நினைச்சுட்டா போலருக்கு. வாசிச்சுக் காட்டிடலாம்னு ரூமுக்குள்ள போய் வயலினை எடுத்தேன். தெரியாதுன்னு இல்ல தம்பி. என்கிட்ட கத்துக்கற எட்டு வயசுப் பசங்க வாசிக்கறாங்க அத. கை போகலை, அவ்வளவுதான். ரெண்டு இடத்துல நின்னுச்சு, அப்புறம் தானா கீழ நம்ம பார்ட்டுக்கு வந்துருச்சு. தினமும் சோத்தாங்கைப் பக்கம் திரும்பி வீட்டுக்குப் போறவன ஒரு நாள் பீச்சாங்கைப் பக்கம் போன்னா போவானா? திரும்ப முயற்சி பண்றேன், சமையக்கட்டுலேர்ந்து எமிலி முணுமுணுக்கறா: "அங்க மேல போகணுங்க." அவ பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்றா! பெட்டியை மூடிட்டேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, ஈரத்துல தந்தி சரியா பேசாது. அதான் காரணம்.

நாலு நாள்ல வீடியோ ஊரெல்லாம் போயிடுச்சு. நிவேதன் வீட்டுக்கே வந்தான், பழமெல்லாம் வாங்கிக்கிட்டு. திட்ட வர்றான்னு பார்த்தா, வாயெல்லாம் பல்லு. ஒரு மெத்தைக் கம்பெனி கூப்பிட்டாங்களாம். தூங்கும் தாத்தாவை அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சாம். பாக்கி அஞ்சு ஊர்லயும் நான் மேடையில ஒரு நிமிஷம் தூங்கணும். தொகுத்து வழங்கற பொண்ணு வந்து எழுப்பும். நான் கொட்டாவி விட்டுக்கிட்டு, "மன்னிச்சுக்கோம்மா, தூங்கிட்டேன், தப்பா வாசிச்சுட்டேன்"னு சொல்லணும். அது ஒரு தலையணை குடுக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. அவ்வளவுதான். அத பண்ணினா எட்டு வயலினுக்கும் ஆகற செலவ மெத்தைக் கம்பெனியே பார்த்துக்கும். பண்ணலைன்னா வயலினே கிடையாது, அந்த இடத்துல பெரிய டிவி திரை வெச்சுருவாங்க.

"தூங்கிட்டேன்னு சொல்றது இருக்கட்டும்ப்பா, தப்பா வாசிச்சுட்டேன்னு எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"அதுல என்ன அங்கிள் இருக்கு, காமெடிதானே?"

அதுலதான் எல்லாம் இருக்கு. எனக்கு முப்பத்தொன்பது வயசு ஆகற வரைக்கும் எங்க அப்பா என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தார், நீ எந்தப் பாட்டுலடா வாசிச்சிருக்க, எனக்குக் கேக்கவே மாட்டேங்குதேன்னு. என்கிட்ட ஒரு படம் இல்ல, கேசட் அட்டையில பேரு இல்ல. என்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், நான் தப்பா வாசிக்கலைங்கறது. இருபத்தேழு வருஷத்துல என்னால ஒரு டேக் கட் ஆனது கிடையாது. அதையும் ஒரு தலையணைக்குக் குடுத்துட்டா நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?

முடியாதுன்னுட்டேன்.

மறுநாள் கோதண்டம் வந்தான். உள்ள வரலை. எங்க முனை டீக்கடையிலேர்ந்து போன் பண்ணிக் கூப்பிட்டான். டீயைக் கையில வெச்சுக்கிட்டு ஆற விட்டுட்டான்.

"ஒரு நிமிஷம்டா. ஒரு நிமிஷம் தூங்கற மாதிரி நடிக்க மாட்டியா? மத்த ஏழு பேர யோசிச்சுப் பாரு."

"நீ சோப்பு போட்டவன், உனக்கென்ன"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

அவன் கோவப்படலை. கோவப்பட்டிருந்தா தேவலை. "ஆமாடா, சோப்பு போட்டவன்தான். சோப்பு போட்டாவது அந்த நாற்காலியில உக்காரணும் எனக்கு. வீட்ல சோபாவுல உக்காந்தா வலது கை தானா ஆடுது. மருமக பார்த்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்ங்கறா"ன்னான்.

எனக்கு அழுகையே வந்துருச்சு தம்பி. பொய் சொல்லலை. சரி, திருச்சிக்கு வரேன்னு சொன்னேன். வரேன்னுதான் சொன்னேன். தூங்கறேன்னு சொல்லலை. அவன் அத கவனிக்கலை, என் கையைப் பிடிச்சு ஆட்டிட்டுப் போயிட்டான்.

நேத்து சாயங்காலம் திருச்சி. சேலத்தைவிட பெரிய கூட்டம். ட்ராக்கெல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. ரயில் பாட்டுக்கு முன்னாடி விளக்கெல்லாம் அணைச்சு என் மேல மட்டும் ஒரு வெளிச்சம். கூட்டம் "தாத்தா, தாத்தா"ன்னு கத்துது. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு நிமிர்ந்து உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு பளபளன்னு புடவை கட்டிக்கிட்டு, ரிப்பன் கட்டின தலையணையோட வந்து மைக்கை நீட்டுது. "தாத்தா, சேலத்துல தூங்கிட்டீங்களாமே?"

தலையணையை வாங்கினேன். நாற்காலியில போட்டு அது மேல உக்காந்தேன். உயரம் ரொம்ப சரியா இருந்துச்சு. முதல் வரிசையில மெத்தைக் கம்பெனிக்காரர் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது, பின்னாடி யாரோ சொல்லித்தான் கேள்வி.

மைக்குல சொன்னேன். "நான் தூங்கலைம்மா. எண்ணிக்கிட்டிருந்தேன். தப்பாவும் வாசிக்கலை. நம்பிக்கை இல்லைன்னா எல்லாரும் சேர்ந்து அந்த வயலின் மெட்டை, புல்லாங்குழல் மெட்டை, லாலான்னு பாடுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே. நான் கீழ என் பார்ட்டை வாசிக்கறேன். ஒட்டுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

பாடினாங்க தம்பி. அடேயப்பா. பொம்பளைங்க, சின்னப் பசங்க, போலீஸ்காரரு, அத்தனை பேரும். ஒருத்தர் தாளம் தட்டறார், ஒருத்தி கண்ணைத் துடைச்சுக்கறா. நான் வில்லை வெச்சேன். நீளம், நீளம், 'டக் டக்'. முழங்கால்ல வயலின். கண்ணை மூடினேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு.

என்ன, கேட்டுச்சாவா? என் வயலினா? எங்க கேக்கறது! பத்தாயிரம் தொண்டை. சவுண்டு இன்ஜினியர் இந்தத் தடவை மைக்கைத் திறக்கவே இல்ல, திறக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்களாம். எனக்கே கேக்கலை தம்பி. தாடையில ஒரு அதிர்வு வரும் பாருங்க, மரத்துலேர்ந்து, அதை வெச்சுத்தான் வாசிக்கறேன்னே தெரிஞ்சுச்சு. ஒட்டுச்சா இல்லையான்னு ஒரு ஆளு சொல்லலை. பாடி முடிச்சு அவங்களுக்கு அவங்களே கைதட்டிக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு "திருச்சிக்கு ஒரு ஓ போடுங்க"ன்னுச்சு.

நான் நிம்மதியா உக்காந்திருந்தேன். யாருக்கும் கேக்கலையா? கேக்கக்கூடாது தம்பி. கேட்டாத்தான் தப்பு. இதத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்.

மேடைக்குப் பின்னாடி நிவேதன் என்னைத் தாண்டிப் போயிட்டான். மத்தவங்ககிட்ட சொன்னான், மதுரையிலேர்ந்து திரைதான்னு. வெள்ளைக் கோட்டையெல்லாம் கழட்டிக் குடுத்துட்டோம். எனக்குத் தர்மசங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா திரும்ப கேட்டாலும் அதேதான் பண்ணுவேன், பத்து தலையணை குடுத்தாலும். அதுல மாத்தமில்லை.

இன்னிக்குக் காலையில லாட்ஜ் வாசல்ல வேன் நிக்குது. எனக்கும் இடம் இருந்துச்சு. ஏழு பேர் மூஞ்சியையும் பார்த்தேன். நான் பஸ்ஸுல வந்துக்கறேன்னேன். வேணாம்னு யாரும் சொல்லலை. கோதண்டம் ஜன்னல் ஓரம் உக்காந்திருக்கான், என் பக்கம் திரும்பவே இல்ல. இருபத்திரண்டு வருஷம் எனக்குத் தாள் திருப்பினவன், மூஞ்சியைத் திருப்பலை. அதுதான் எனக்கு வலிச்சுச்சு தம்பி, வேற எதுவும் வலிக்கலை. ஏதாவது சொல்லணும்னு ஜன்னல்கிட்ட போனேன். மன்னிச்சுக்கோன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வண்டியை எடுத்துட்டாங்க.

நகர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தலையை வெளிய நீட்டினான். கத்தினான். ரோட்டுல போறவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கற அளவுக்குக் கத்தினான்.

"அஞ்சு பார்தான்டா எண்ணின! ஒரு பார் முன்னாடியே எடுத்துட்ட!"

போயிட்டான்.

புரியுதா உங்களுக்கு? எனக்கே கேக்கலை. பத்தாயிரம் பேருக்குக் கேக்கலை. அவன் எனக்குப் பின்னாடி வரிசையில, வில்லு முழுக்க சோப்பைத் தடவிக்கிட்டு, நான் அவன் பொழப்பையே கெடுத்துக்கிட்டு இருக்கற நேரத்துல, என் கையைப் பார்த்துக்கிட்டு எண்ணியிருக்கான். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலுன்னு என்கூடவே எண்ணியிருக்கான் தம்பி!

இருங்க, கண்ணுல தூசி. இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் அஞ்சு பார் எண்ணலை. ஆறு எண்ணினேன். முழுசா ஆறு. கூட்டம் பாடினா எப்பவும் இழுப்பாங்க, அவன் கூட்டத்தோட சேர்ந்து இழுத்துட்டான். சாலிகிராமம் போனதும் முதல் வேலை அவன் வீட்டுக்குத்தான். வயலினை எடுடான்னு சொல்லப் போறேன். அந்த சோப்பு தடவின வில்லைத் தூக்கிப் போட்டுட்டு வேற வில்லை எடுடா, உக்காரு, வாசி, எண்ணு, யாரு சரின்னு பார்த்துடலாம்.